தாம்பரத்தில் வீடு வாங்கப் போறீங்களா? ரயிலையும் பாருங்க, மழைத்தண்ணியையும் பாருங்க!

தாம்பரம்,

சென்னை நகருக்குள் சொந்த வீடு என்பது மாதச் சம்பளக்காரர்களுக்கு எட்டாக்கனியாகி விட்டது. மயிலாப்பூர், தி.நகர் பக்கம் விலை கேட்டாலே தலை சுற்றுகிறது. இதனால் வாடகை வீட்டில் காலம் தள்ளும் குடும்பங்கள் பலவும் புறநகர் பக்கம் பார்வையைத் திருப்பி உள்ளன. அந்தப் பட்டியலில் முதல் வரிசையில் நிற்கும் ஊர் தாம்பரம்.

ரயில், பஸ், மார்க்கெட், ஆஸ்பத்திரி, காலேஜ் என்று எதற்கும் குறைவில்லாத ஊர். விடியற்காலையில் தொடங்கும் கூட்டம் நள்ளிரவு வரை ஓயாது. ‘‘வாங்கினா தாம்பரத்துலதான் வாங்கணும்’’ என்று பலர் ஒற்றைக்காலில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் தாம்பரம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கும் எல்லா இடமும் தாம்பரம் ஆகிவிடாது. ஒரே ஊரில் ஒரு தெரு சொர்க்கம், நாலு தெரு தள்ளிப்போனால் மழைக்காலத்தில் படகு தேவை. வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி, 20 வருஷம் கடன் கட்டி வாங்கும் வீடு. அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பிறகு விழிப்பதைவிட, கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேட்பது நல்லது. ஒன்று, ஸ்டேஷன் எவ்வளவு தூரம்? இரண்டு, மழைத்தண்ணி எந்தப் பக்கம் போகுது?

இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதி பத்திரம், பணம். விவரமாகப் பார்ப்போம்.

ஊர் வளர்ந்த கதை

ஒரு காலத்தில் நல்ல காற்றுக்காகத் தேடி வந்த ஊர் இது. 1928-ம் ஆண்டு டாக்டர் டேவிட் சவுரி முத்து இங்கு காசநோய் ஆஸ்பத்திரி தொடங்கினார். அதுதான் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக உள்ளது. அந்த ஆஸ்பத்திரியால்தான் ‘சானடோரியம்’ என்ற பெயரே வந்தது.

1931-ம் ஆண்டு கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி நகரை விட்டு இங்கு இடம் மாறியது. விமானப்படைத் தளமும் வந்தது. 1984-ல் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் வந்த பிறகு வேலை தேடி வருவோர் கூட்டம் பெருகியது.

2019-ல் காஞ்சீபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது தாம்பரம் புதிய செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போனது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் இதில் சேர்ந்தன. மொத்தம் 70 வார்டுகள். 2022 முதல் தனி போலீஸ் கமிஷனரேட்டும் செயல்படுகிறது.

ரயில்தான் முதல் லாபம்

தாம்பரத்தில் வீடு வாங்குவோருக்குக் கிடைக்கும் பெரிய சொத்து வீடு அல்ல, ரயில்வே ஸ்டேஷன்! விடியற்காலை 4 மணி வாக்கிலேயே மின்சார ரயில் ஓட ஆரம்பித்து விடுகிறது. பல ரயில்கள் இங்கிருந்தே புறப்படுவதால் உட்கார இடம் கிடைக்கிறது. குரோம்பேட்டை, பல்லாவரத்தில் ஏறுபவர்கள் தொங்கிக்கொண்டு வரும்போது, தாம்பரத்துக்காரர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம்.

கிண்டி, மாம்பலம், எழும்பூர், பீச் எல்லாம் ஒரே லைன். பீச் வரை சாதாரண டிக்கெட் 10 ரூபாய்தான். சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் மிச்சம். வெயிலில் அவஸ்தைப்படுபவர்களுக்கு 2025 ஏப்ரல் முதல் ஏ.சி. மின்சார ரயிலும் ஓடுகிறது. அதில் கட்டணம் அதிகம்.

இதையே கணக்குப் போட்டுப் பாருங்கள். பாரிமுனைக்கு வேலைக்குப் போகும் ஒருவர் பைக்கில் போய்வந்தால் தினமும் சுமார் 60 கிலோ மீட்டர். லிட்டருக்கு 45 கிலோ மீட்டர் கொடுக்கும் வண்டி, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 130 ரூபாய்க்கு மேல் ஆகும். மாதம் 25 நாளைக்கு 3 ஆயிரத்து 300 ரூபாய். ரயிலில் தினமும் டிக்கெட் எடுத்தால்கூட 500 ரூபாய்தான். வருஷத்துக்கு 33 ஆயிரம் ரூபாய் மிச்சம். முதுகு வலி மிச்சமானது தனி!

ஆனால் இந்த லாபம் எல்லாம் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு இருந்தால்தான். ‘‘ஸ்டேஷன் அஞ்சே நிமிஷம் சார்’’ என்று புரோக்கர் சொல்லும் அஞ்சு நிமிஷம், ஞாயிற்றுக்கிழமை காலை காலி ரோட்டில் பைக்கில் போகும் அஞ்சு நிமிஷம். திங்கட்கிழமை காலை 8 மணிக்கு அதே தூரம் 25 நிமிஷம் ஆகலாம்.

ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோவில் போக 20 ரூபாய், வர 20 ரூபாய் என்றால் மாதம் ஒருவருக்கு ஆயிரம் ரூபாய். வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போனால் 2 ஆயிரம். வருஷத்துக்கு 24 ஆயிரம். தூரத்தில் விலை குறைவு என்று வாங்கும் வீட்டுக்கு இந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

சானடோரியம், பெருங்களத்தூர், குரோம்பேட்டை ஸ்டேஷன்களையும் மறக்க வேண்டாம். தாம்பரம் ஸ்டேஷனில் இருந்து 3 கிலோ மீட்டர் தள்ளி இருக்கும் வீடு, பெருங்களத்தூர் ஸ்டேஷனுக்கு நடை தூரமாக இருக்கலாம்.

சொந்த ஊர் போவோருக்கு வசதி

திருநெல்வேலி, மதுரை, திருச்சி, நாகர்கோவில் பக்கம் சொந்த ஊர் உள்ளவர்களுக்குத் தாம்பரம் இரட்டை வசதி. தெற்கே போகும் பெரும்பாலான எக்ஸ்பிரஸ் ரயில்கள் இங்கு நிற்கின்றன. தாம்பரத்தில் இருந்தே புறப்படும் ரயில்களும் உண்டு. நாகர்கோவில் அந்தியோதயா இங்கிருந்து ஓடுகிறது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்ட அன்றே ராமேசுவரம்-தாம்பரம் ரயிலும் தொடங்கி வைக்கப்பட்டது.

பஸ்சைப் பொறுத்தவரை, 2023 டிசம்பர் 30-ந்தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்ட பிறகு நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. வடசென்னைக்காரர்கள் ‘‘ரொம்ப தூரம்’’ என்று அலுத்துக்கொள்கிறார்கள். தாம்பரத்துக்காரர்களுக்கோ வண்டலூரைத் தாண்டினால் பஸ் நிலையம். பொங்கல், தீபாவளிக்கு மூட்டை முடிச்சோடு கோயம்பேடு வரை போக வேண்டிய வேலை இல்லை.

விமான நிலையம் அடுத்த மீனம்பாக்கத்தில். மெட்ரோ ரயில் 2016 முதல் விமான நிலையம் வரை ஓடுகிறது. அதைத் தாம்பரம் வழியாகக் கிளாம்பாக்கம் வரை நீட்டும் திட்டம் பல வருஷமாகப் பேச்சில் உள்ளது. ‘‘மெட்ரோ வரப்போகுது, விலை டபுள் ஆகும்’’ என்று சொல்லி விற்பவர்களிடம் உஷார்! ரயில் ஓடும்போது அதற்கு விலை கொடுக்கலாம். திட்டத்துக்கு இன்றே விலை கொடுக்கத் தேவையில்லை.

மார்க்கெட்டே பக்கத்தில்

மேற்கு தாம்பரம் சண்முகம் ரோட்டில் நுழைந்தால் வீட்டுக்குத் தேவையான எதுவும் வாங்காமல் திரும்ப முடியாது. காய்கறி, பழம், பூ, மளிகை, பாத்திரம், ஜவுளி, நகை என்று வரிசையாகக் கடைகள். பண்டிகை நேரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. இன்னும் பெரிய கடை வேண்டும் என்றால் குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் பெரிய ஜவுளிக்கடைகள் உள்ளன. கல்யாண ஜவுளி எடுக்க தி.நகர் வரை போகவேண்டிய அவசியம் இல்லை.

ராத்திரி ஷிப்ட் முடிந்து வருபவர்களுக்கு ஸ்டேஷன் பக்கம் டிபன் கடைகள் இருக்கின்றன. இட்லி, பரோட்டா, சூடா பால் எல்லாம் கிடைக்கும். ஆள் நடமாட்டம் இருப்பதால் லேட்டாக வரும் பெண்களுக்கும் ஸ்டேஷன் பக்கம் ஓரளவு தைரியம். அதே நேரம், உள்ளே தள்ளிப்போகும் தெருக்களில் விளக்கு எரிகிறதா, நடமாட்டம் இருக்கிறதா என்று ராத்திரி 10 மணிக்கு ஒரு தடவை போய்ப் பார்ப்பது நல்லது. வீட்டைப் பகலில் மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

கலகலப்பான ஊர் என்றால் சத்தமும் சேர்ந்துதான் வரும். ஜி.எஸ்.டி. ரோடு ஓரம், ரயில்வே லைன் ஓரம் வீடு வாங்குவோர் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். கைக்குழந்தை, வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு ரோட்டில் இருந்து இரண்டு தெரு உள்ளே போவது நிம்மதி.

ஆஸ்பத்திரி, படிப்பு, வேலை

அரசு நெஞ்சக மருத்துவமனை தவிர, சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் செயல்படுகிறது. தினமும் காலையில் அங்கு நிற்கும் கூட்டமே அதன் பெயரைச் சொல்லும். 2025 ஆகஸ்டில் தாம்பரத்தில் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையும் திறக்கப்பட்டது. அவசரத்துக்குக் கடன் வாங்கித் தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நிலை குறையும் என்பதால், ஏழை, நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பெரிய விஷயம்.

படிப்புக்குக் கிறிஸ்தவக் கல்லூரி, குரோம்பேட்டையில் 1949-ல் தொடங்கிய எம்.ஐ.டி., பெண்களுக்கான வைஷ்ணவ கல்லூரி ஆகியவை உள்ளன. பிள்ளைகள் பிளஸ்-2 முடித்த பிறகு ஹாஸ்டல் செலவு இல்லாமல் வீட்டில் இருந்தே படிக்கலாம்.

வேலைக்கு மெப்ஸ் பக்கத்திலேயே உள்ளது. வேளச்சேரி ரோடு வழியாக மேடவாக்கம், ஓ.எம்.ஆர். பக்கம் போகலாம். மேற்கே முடிச்சூர் வழியாகப் படப்பை, ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வழி. வண்டலூரில் தொடங்கி மீஞ்சூர் வரை 62 கிலோ மீட்டர் வெளிவட்டச் சாலையும், பெருங்களத்தூரில் தொடங்கும் மதுரவாயல் பைபாசும் இருப்பதால் லாரி, வேன், டாக்சி ஓட்டுபவர்களுக்கும் இது தோதான ஊர்.

வாரக்கடைசியில் பிள்ளைகளை அழைத்துப்போக வண்டலூர் உயிரியல் பூங்கா பக்கத்திலேயே.

கிழக்கா? மேற்கா?

ரயில்வே லைன் தாம்பரத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வாங்கும் முன் உங்கள் தினசரி வேலை எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள். வேலை மேற்கிலும் வீடு கிழக்கிலும் இருந்தால் தினமும் லைனைக் கடப்பதற்கே நேரம் போய்விடும்.

கிழக்குப் பக்கம் சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் பகுதிகள். வேளச்சேரி, ஓ.எம்.ஆரில் வேலை பார்ப்போருக்குப் பொருத்தம். கேம்ப் ரோடு சந்திப்பில் காலை, மாலை வாகன நெரிசல் பெரிய தலைவலி. விமானப்படைத் தளமும் இந்தப் பக்கம்தான். அதன் அருகே கட்டடம் கட்டக் கட்டுப்பாடுகள் உண்டு. தடையில்லாச் சான்று வாங்கி இருக்கிறார்களா என்று கண்டிப்பாகக் கேட்க வேண்டும். மாடி கட்டலாம் என்று நினைத்து வாங்கிவிட்டுப் பிறகு அனுமதி கிடைக்காமல் அலையக்கூடாது.

மேற்குப் பக்கம் மார்க்கெட் கையெட்டும் தூரம். ஸ்டேஷனை ஒட்டிய பழைய தெருக்களில் விலை அதிகம். அதைத் தாண்டி முடிச்சூர் ரோட்டில் போகப் போக விலை குறையும். ஏன் குறைகிறது என்பதைத்தான் அடுத்து பார்க்கப் போகிறோம்.

இன்னொரு விஷயம். 2021-ல் மாநகராட்சி உருவானபோது முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற ஊராட்சிகள் அதில் சேரவில்லை. விளம்பரத்தில் ‘மேற்கு தாம்பரம்’ என்று இருக்கும். பத்திரத்தில் வேறு கிராமத்தின் பெயர் இருக்கும். வீட்டு வரி எங்கே கட்டுகிறார்கள், குப்பை யார் அள்ளுகிறார்கள், தெருவிளக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

மழைத்தண்ணி எங்கே போகுது?

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதியைத் தாம்பரம் மக்கள் மறக்க மாட்டார்கள். மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு ஆற்றில் வெள்ளம் கரைபுரண்டது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கி, மக்கள் மொட்டை மாடியில் தஞ்சம் அடைந்தனர். படகில் மீட்க வேண்டி வந்தது.

அதன் பிறகு அடையாறு அகலப்படுத்தப்பட்டது. மூடு கால்வாய்கள் கட்டப்பட்டன. அப்படியும் 2021 நவம்பர் மழையிலும், 2023 டிசம்பர் மிச்சாங் புயலிலும் அதே பகுதிகளில் தண்ணீர் சூழ்ந்தது.

காரணம் எளிது. ஆதனூர் பக்கம் இருந்து வரும் தண்ணீர் மண்ணிவாக்கம், முடிச்சூர் வழியாகத்தான் அடையாறாக ஓடுகிறது. சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பினால் உபரிநீரும் அதில்தான் சேருகிறது. நெல் விளைந்த தாழ்வான நிலம் மனையாக மாறி இருக்கிறது. தண்ணீருக்குப் பட்டா தெரியாது. பழைய வழியிலேயே வரும்.

கிழக்குப் பக்கம் தப்பித்தது என்று நினைக்க வேண்டாம். சேலையூர், ராஜகீழ்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் என்று ஏரிகள் வரிசையாக உள்ளன. செம்பாக்கம் ஏரித் தண்ணீர் அடுத்தடுத்த ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகிறது. நடுவில் கால்வாய் அடைத்திருந்தால் தெருவில்தான் நிற்கும்.

அதற்காக இந்தப் பகுதிகளில் வீடே வாங்கக்கூடாது என்பது இல்லை. மேட்டுத் தெருவும் உண்டு, பள்ளத் தெருவும் உண்டு. எது எது என்று கண்டுபிடிக்கச் சில வழிகள்:

* நவம்பர், டிசம்பரில் பலத்த மழை பெய்த மறுநாள் நேரில் போய்ப் பாருங்கள். கோடையில் பார்த்து வாங்கிய வீடுதான் பலரை ஏமாற்றி இருக்கிறது.

* அக்கம்பக்கத்துச் சுவர்களைப் பாருங்கள். பெயிண்டுக்கு அடியில் தண்ணீர் நின்ற கோடு தெரியும். தெரு முழுக்க ஒரே உயரத்தில் புது பெயிண்ட் என்றால் சந்தேகப்படுங்கள்.

* டீக்கடைக்காரர், அயர்ன் கடைக்காரர், பால்காரரிடம் ‘‘2015-ல இங்க எவ்வளவு தண்ணி?’’ என்று கேளுங்கள். வீடு விற்பவர் மறைக்கலாம். டீக்கடைக்காரருக்கு மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

* ரோட்டைவிட வீட்டின் தரை எவ்வளவு உயரம் என்று பாருங்கள். ரோடு போட்டுப் போட்டு உயர்ந்ததால் பழைய வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன. வீட்டுக்குள் இறங்கிப் போகிற மாதிரி இருந்தால் யோசியுங்கள்.

* அபார்ட்மென்ட் என்றால் மின்சார மீட்டர், மோட்டார், லிப்ட் மெஷின் எந்த உயரத்தில் இருக்கிறது? மாடியில் வீடு இருந்தாலும் கீழே மீட்டர் மூழ்கினால் கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை.

* வீட்டைச் சுற்றி கால்வாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நடந்தே போய்ப் பாருங்கள். நடுவில் காணாமல் போகும் கால்வாய் ஆபத்து.

குடிதண்ணி, சாக்கடை

மழையில் தண்ணீர் அதிகம். ஏப்ரல், மே வந்தால் தட்டுப்பாடு. இதுதான் புறநகர் வாழ்க்கை. குழாய் இணைப்பு இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிறது, போர் எத்தனை அடி, கோடையில் லாரி தண்ணீர் வாங்குகிறார்களா என்று அங்கு குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். லாரி தண்ணீர் வாங்கும் அபார்ட்மென்டில் மாதப் பராமரிப்புக் கட்டணம் எகிறும்.

எல்லாத் தெருவிலும் பாதாளச் சாக்கடை இல்லை. இல்லாத இடத்தில் செப்டிக் டேங்க்தான். அது எங்கே இருக்கிறது, குடிநீர்த் தொட்டிக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும்.

பத்திரம் பார்ப்பது எப்படி?

வீடு பிடித்துவிட்டது, மழையும் பார்த்தாச்சு. அடுத்து காகிதம். இதில் கோட்டை விட்டால் வீடு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

வில்லங்கச் சான்று: குறைந்தது 30 வருஷத்துக்குப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். கடன், அடமானம், பாகப்பிரிவினை எல்லாம் இதில் தெரியும்.

மூலப்பத்திரம்: இப்போது விற்பவருக்குச் சொத்து எப்படி வந்தது என்ற சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். அப்பா சொத்து என்றால் வாரிசுகள் அனைவரும் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா, தங்கை கையெழுத்து இல்லாமல் வாங்கி, பிறகு கோர்ட்டுக்கு நடப்பவர்கள் ஏராளம்.

பட்டா: பட்டாவில் யார் பெயர் உள்ளது, சர்வே நம்பர் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அந்த சர்வே நம்பர் ஏரி, கால்வாய், மேய்க்கால் புறம்போக்கு இல்லை என்பதை ‘அ’ பதிவேட்டில் உறுதி செய்யுங்கள். ஏரிகள் நிறைந்த இந்தப் பகுதியில் இது ரொம்ப முக்கியம். நீர்நிலையில் கட்டிய வீட்டுக்கு வரி ரசீதும், கரண்ட் பில்லும் இருந்தாலும் அது பாதுகாப்பு ஆகாது.

அங்கீகாரம்: மனை சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகாரம் பெற்றதா? 2016 அக்டோபர் 20-ந்தேதிக்கு முன்பு போட்ட அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதி கொண்டு வரப்பட்டது. அப்படிப்பட்ட மனை என்றால் வரன்முறை உத்தரவைக் கையில் வாங்கிப் பாருங்கள். ‘‘அப்ளை பண்ணிருக்கோம்’’ என்ற பதில் செல்லாது.

தெரிந்த வக்கீல் ஒருவரிடம் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பத்திரங்களைச் சரிபார்ப்பது வீண் செலவு அல்ல. அந்த வக்கீல் நீங்கள் பிடித்தவராக இருக்க வேண்டும். புரோக்கர் அழைத்து வந்தவராக இருக்கக்கூடாது.

புது பிளாட் வாங்குவோருக்கு

500 சதுர மீட்டருக்கு மேல் உள்ள மனையில், அல்லது 8 வீட்டுக்கு மேல் கட்டும் திட்டங்களை ‘ரெரா’வில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பதிவு எண்ணை வாங்கி ரெரா இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எப்போது முடிப்பதாகச் சொல்லி இருக்கிறார்கள் என்பதும் அதில் இருக்கும்.

விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக்கூடாது. வீட்டை ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை வந்தால் பில்டர் சொந்தச் செலவில் சரி செய்ய வேண்டும். இதெல்லாம் சட்டம் கொடுத்த உரிமை.

சதுர அடி விஷயத்திலும் ஏமாற வேண்டாம். 900 சதுர அடி என்று விலை பேசுவார்கள். அதில் படிக்கட்டு, லிப்ட், நடைபாதை எல்லாம் சேர்ந்திருக்கும். வீட்டுக்குள் நீங்கள் பாய் விரித்துப் படுக்கக்கூடிய இடம், அதாவது கார்ப்பெட் ஏரியா எவ்வளவு என்று கேளுங்கள். நிலத்தில் உங்கள் பங்கு, அதாவது யு.டி.எஸ். எவ்வளவு என்பதையும் பத்திரத்தில் பாருங்கள். நாளைக்குக் கட்டடம் பழையதானாலும் விலை இருப்பது அந்த நிலத்துக்குத்தான்.

மொத்தச் செலவு எவ்வளவு?

விலையை மட்டும் வைத்து பட்ஜெட் போட்டால் கடைசி நேரத்தில் கையைப் பிசைய வேண்டி வரும். பழைய வீடு அல்லது மனை என்றால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9 சதவீதம். புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பர் 1 முதல் சலுகை உண்டு. 50 லட்சம் ரூபாய் வரை முத்திரைத்தீர்வை 4 சதவீதம். அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதம். பதிவுக்கட்டணம் அதே 2 சதவீதம்.

உதாரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் வீடு. புது பிளாட் என்றால் பதிவுச் செலவு 1 லட்சத்து 80 ஆயிரம். பழைய வீடு என்றால் 2 லட்சத்து 70 ஆயிரம். பாங்கியில் 24 லட்சம் கடன் கிடைத்தால் மீதி 6 லட்சமும் பதிவுச் செலவும் உங்கள் கையில் இருந்து போக வேண்டும். அதாவது புது பிளாட்டுக்கே 7 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் ரொக்கமாகத் தேவை. வக்கீல் பீஸ், புரோக்கர் கமிஷன், கிரகப்பிரவேசம் தனி.

24 லட்சம் கடனுக்கு 9 சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 21 ஆயிரத்து 600 ரூபாய் வரும். 20 வருஷத்தில் கட்டுவது சுமார் 51 லட்சத்து 80 ஆயிரம். வட்டி மட்டும் கிட்டத்தட்ட 28 லட்சம்! கையில் பணம் சேரும்போது அசலில் கட்டி வந்தால் இது பெருமளவு குறையும்.

முதல் வீடு வாங்குவோருக்கு மத்திய அரசின் பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0 உள்ளது. 2024 செப்டம்பரில் தொடங்கியது. குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்தால் வட்டி மானியம் அதிகபட்சம் 1 லட்சத்து 80 ஆயிரம் வரை கிடைக்கும். நாட்டில் வேறு எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இருக்கக்கூடாது. கடன் வாங்கும் முன்பே பாங்கியில் இதைக் கேட்டுவிடுங்கள்.

மூணு தடவை போங்க

அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்கும் வீட்டுக்கு மூன்று தடவை போக வேண்டும். திங்கட்கிழமை காலை 8 மணிக்கு ஒரு தடவை. அங்கிருந்து ஸ்டேஷனுக்கு நடந்து போய் ரயில் பிடித்துப் பாருங்கள். ராத்திரி 10 மணிக்கு ஒரு தடவை. பலத்த மழைக்கு மறுநாள் ஒரு தடவை.

‘‘இன்னிக்கே டோக்கன் போடலைன்னா வேற பார்ட்டி ரெடி’’ என்று அவசரப்படுத்துவார்கள். போகட்டும் என்று விடுங்கள். தாம்பரத்தில் வீட்டுக்குப் பஞ்சம் இல்லை. இந்த மூன்று தடவையிலும் மனசுக்குப் பிடித்து, பத்திரமும் சரியாக இருக்கிற வீடு கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். ஜன்னலோர சீட்டும் கிடைக்கும், மழை ராத்திரியில் நிம்மதியான தூக்கமும் கிடைக்கும்.